வாக்கும் வினையும்: வாக்காளரின் அறப்பொறுப்பைப் பற்றி வரலாறு கூறுவது



அரசன் தவறு செய்தால் அவனைக் குறை கூறுவது எளிது. நம் இலக்கியங்கள் அதனை அஞ்சாமல் செய்திருக்கின்றன. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்த வேளையில் அவன் தன்னை ஏமாற்றிய கொல்லன்மீது பழியைச் சுமத்தித் தப்பிக்க முயலவில்லை. அவன் சொல்லைக் கேட்டதே தன் குற்றம் என்று அவையறிய ஏற்று, அரியணையிலேயே உயிர் துறந்தான்.

அதிகாரம் ஒருவனிடம் இருந்த காலத்தில் பொறுப்பும் அவனிடமே இருந்தது. இன்று அதிகாரம் பல இலட்சம் வாக்காளர்களிடையே பகிர்ந்து கிடக்கிறது. அப்படியானால் பொறுப்பு எங்கே இருக்கிறது? அதுவும் பகிர்ந்து கிடக்கிறதா? அல்லது பகிரப் பகிரத் தேய்ந்து, இறுதியில் எவரிடமும் இல்லாமல் போய்விடுகிறதா? இவ்வினாவை இரண்டு வரலாற்று நிகழ்வுத் தொகுதிகளின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். ஒன்று, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸ். மற்றொன்று, 1930களின் ஜெர்மனி.

கையுயர்த்தி வாக்களித்த நகரம்

ஏதென்ஸ் நகர மக்களாட்சி இன்றைய மக்களாட்சியைப் போன்றதன்று. அங்கே குடிமக்கள் தமக்காக முடிவெடுக்கப் பேராளர்களை அனுப்பவில்லை. நிக்ஸ் என்னும் குன்றில் கூடி, பேச்சாளர்களின் வாதங்களைக் கேட்டு, கைகளை உயர்த்தித் தாமே முடிவெடுத்தனர். போர் தொடுப்பதா, அமைதி பேசுவதா, படைத்தலைவராக யாரை அனுப்புவது என அனைத்தும் அவர்களின் வாக்கால் தீர்மானிக்கப்பட்டன. பெண்கள், அடிமைகள், அயலூரிலிருந்து வந்து குடியேறியோர் ஆகியோருக்கு அந்த உரிமை இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆயினும் வாக்காளரின் பொறுப்பை ஆராய்வதற்கு ஏதென்ஸைவிடத் தெளிவான களம் வேறில்லை. முடிவுக்கும் மக்களுக்கும் இடையே அமைச்சரவையோ நாடாளுமன்றமோ நிற்கவில்லை. காலையில் உயர்த்திய கையின் விளைவை அவர்கள் தம் வாழ்நாளிலேயே கண்டனர்.

ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கி.மு. 431இல் தொடங்கிய பெரும்போரின் நான்காம் ஆண்டில், லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகரம் ஏதென்ஸின் மேலாண்மையை எதிர்த்துக் கிளர்ந்தது. கி.மு. 427இல் அந்நகரம் சரணடைந்தது. சினம் மேலோங்கிய ஏதென்ஸ் அவை, மிட்டிலீனின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் முடிவு செய்தது. ஆணையைத் தாங்கி ஒரு போர்க்கப்பல் அன்றே புறப்பட்டது.

மறுநாள் மக்களின் மனம் உறுத்தியது. கிளர்ச்சி செய்தோர் சிலர். தண்டனையோ ஒரு நகரம் முழுவதற்கும். அவை மீண்டும் கூடியது. எடுத்த முடிவை மாற்றுவது ஆட்சியின் வலிமையைக் குலைக்கும் என்று கிளியோன் வாதிட்டான். அவசரமும் சினமுமே நல்ல முடிவின் பகைவர் என்று தியோதோத்தஸ் மறுமொழி கூறினான். இரு தரப்பின் கைகளும் ஏறத்தாழச் சமமாகவே உயர்ந்தன என்று வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். தியோதோத்தஸின் தரப்பு சிறு வேறுபாட்டில் வென்றது.

உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. முதற் கப்பலோ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றிருந்தது. துடுப்பு வலித்தோர் வாற்கோதுமை மாவைத் திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, துடுப்பை விடாமலே உண்டனர். முறைவைத்துச் சிலர் உறங்க, மற்றவர் கப்பலைச் செலுத்தினர். எதிர்க்காற்று வீசவில்லை. முதற் கப்பலில் சென்றோரோ தமக்கிடப்பட்ட கொடுந்தொழிலை நோக்கி விரையவில்லை. மிட்டிலீனிலிருந்த தளபதி கொலையாணையைப் படித்து, அதனை நிறைவேற்ற முனைந்த நேரத்தில் இரண்டாம் கப்பல் கரைசேர்ந்தது.

இதனை இன்பமான முடிவு என்று முற்றாகக் கூறிவிட இயலாது. கிளர்ச்சிக்குக் காரணமானோர் என்று கருதப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டதாகவே தூசிடிடீஸ் எழுதுகிறார். ஆயினும் நம் வினாவுக்கு இந்நிகழ்ச்சி ஒரு விடை தருகிறது. 'ஆயிரக்கணக்கானோரில் என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?' என்பது வாக்காளர் பலர் கூறும் சமாதானம். முதல்நாள் உயர்ந்த கைகளில் சில மறுநாள் தாழ்ந்ததனால்தான் ஒரு நகரம் பிழைத்தது. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்றே.

அறியாமையும் மௌனமும்

கி.மு. 415இல் அதே அவை சிசிலித் தீவின்மீது படையெடுக்க முடிவு செய்தது. அத்தீவின் பரப்பையோ அங்கு வாழும் மக்களின் எண்ணிக்கையையோ ஏதென்ஸ் மக்களுள் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை என்று தூசிடிடீஸ் எழுதுகிறார். அல்சிபியாடீஸ் என்ற இளந்தலைவன் படையெடுப்பை ஆதரித்துப் பேசினான். அனுபவம் மிக்க நிக்கியஸ் எதிர்த்தார். எதிர்ப்பு எடுபடாததைக் கண்ட அவர், இத்தனை கப்பல்களும் இத்தனை வீரர்களும் தேவைப்படும் என்று பெருந்தொகையைச் சொல்லி மக்களை மலைக்கவைக்க முயன்றார். மக்கள் மலைக்கவில்லை. அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் வெற்றி உறுதி என்று மேலும் ஊக்கம் கொண்டனர்.

அந்த அவையில் ஐயமுற்றோரும் இருந்தனர். ஆனால் எதிராகக் கை உயர்த்தினால் நாட்டுப்பற்று இல்லாதவர் என்று பிறர் எண்ணுவரோ என அஞ்சி வாய் மூடியிருந்தனர். பக்கத்தில் நிற்பவர் பார்க்கக் கையுயர்த்தும் முறையில் அந்த அச்சம் இயல்பானதே.

நூற்றுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் சென்றன. பின்னர்த் துணைக்கு மற்றொரு கப்பற்படையும் சென்றது. கி.மு. 413இல் இரண்டும் அழிந்தன. சிறைப்பட்டவர்களுள் குறைந்தது ஏழாயிரம் பேர் சைரகூஸ் நகரின் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டு, வெயிலிலும் குளிரிலும் பசியிலும் வாடினர். அச்செய்தி ஏதென்ஸை எட்டியபோது மக்கள் செய்ததைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். படையெடுப்பை ஊக்குவித்த பேச்சாளர்கள்மீது அவர்கள் சினந்து பாய்ந்தனர். அதற்கு வாக்களித்தவர்கள் தாமே அல்லர் என்பதுபோல் அவர்கள் நடந்துகொண்டனர் என்று தூசிடிடீஸ் குறிப்பிடுகிறார்.

பாண்டியனின் செயலை இங்கே நினைவுகூர வேண்டும். பொற்கொல்லனும் பொய் சொன்னான். ஏதென்ஸின் பேச்சாளர்களும் ஆசை காட்டினர். ஏமாற்றியவர்களுக்குக் குற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏமாற்றியவனின் குற்றம், ஆராயாமல் நம்பியவனின் குற்றத்தைக் கழித்துவிடுவதில்லை. திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரம், ஒருவனை ஆராயாமல் நம்புவது தன் வழிமுறையினருக்கும் தீராத துன்பத்தைத் தரும் என்று எச்சரிக்கிறது. அன்று அரசனுக்குச் சொல்லப்பட்ட அந்த அறிவுரை, அமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறிய இன்று வாக்காளருக்குரியதாகிவிட்டது.

திருத்த முடியாத வாக்கு

மூன்றாவது நிகழ்ச்சி கி.மு. 406இல் நடந்தது. அர்கினுசே தீவுகளருகே ஏதென்ஸின் கப்பற்படை பெரும் வெற்றி பெற்றது. ஆயினும் அதன் கப்பல்களில் 25 சிதைந்தன. அவற்றில் தத்தளித்தோரை மீட்கப் புயல் இடம் தரவில்லை. படைத்தலைவர்கள் எண்மருள் அறுவர் நாடு திரும்பினர். மீட்கத் தவறியதாக அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது.

முதல் நாள் விசாரணையில் மாலுமிகள் புயலுக்குச் சான்று கூறினர். மக்களின் மனம் இளகியது. ஆனால் பொழுது சாய்ந்து, உயர்த்திய கைகளை எண்ண முடியாத அளவுக்கு இருட்டிவிட்டதால் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. இடையில் குடும்பங்கள் ஒன்றுகூடும் திருவிழா வந்தது. இறந்தோரின் உறவினர் என்ற கோலத்தில், தலை மழித்துக் கறுப்பு உடுத்தியோர் அவைக்கு வந்தனர். மாவுத் தொட்டியொன்றைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பியதாக ஒருவன் கூறி, மூழ்கியோரின் இறுதிச் சொற்களை எடுத்துரைத்தான். காலிக்சீனஸ் என்பவன், அறுவருக்கும் தனித்தனி விசாரணையின்றி, ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பு வழங்கவேண்டும் என்று முன்மொழிந்தான்.

இது சட்டத்துக்குப் புறம்பானது என்று சிலர் தடுத்தனர். மக்கள் தாம் விரும்பியதைச் செய்யவிடாமல் தடுப்பது கொடுமை என்று கூட்டம் கூச்சலிட்டது. தடுப்போரையும் அதே குற்றச்சாட்டில் சேர்க்கவேண்டும் என்ற மிரட்டலும் எழுந்தது. அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்தோர் ஒருவர்பின் ஒருவராகப் பணிந்தனர். சட்டத்துக்கு மாறாக எதையும் செய்யமாட்டேன் என்று ஒருவர் மட்டும் உறுதியாக நின்றார். அவர்தான் சாக்ரட்டீஸ்.

யூரிப்டோலெமஸ் என்பவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்று வாதிட்டார். முதல் எண்ணிக்கையில் அவரது தீர்மானமே வென்றதாகத் தோன்றியது. மறுப்பு எழுந்து மீண்டும் எண்ணியபோது தோற்றது. அறுவரும் கொல்லப்பட்டனர். நெடுங்காலம் செல்லவில்லை, மக்கள் வருந்தினர். வருந்தி என்ன செய்தனர்? தம்மை ஏமாற்றியோரைத் தண்டிக்கவேண்டும் என்று தீர்மானித்தனர். காலிக்சீனஸ் சிறையிலிருந்து தப்பி, பின்னர் ஊர் திரும்பி, அனைவராலும் வெறுக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தான் என்று செனஃபோன் எழுதுகிறார். மிட்டிலீனுக்கு இரண்டாவது கப்பல் அனுப்ப முடிந்தது. இறந்துபோன தளபதிகளுக்கு எந்தக் கப்பலை அனுப்புவது?

மறைவில் இட்ட வாக்கு

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஜெர்மனியில் 1919 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை இருந்தது. வாக்கு மறைவானது, யாரும் யாரையும் அஞ்ச வேண்டியதில்லை. 1928 மே மாதத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்ற வாக்கு 2.6 விழுக்காடு. அதன்பின் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1930 செப்டம்பரில் அக்கட்சி 18.3 விழுக்காட்டைப் பெற்றது. வேலையற்றோர் அறுபது இலட்சத்தை எட்டிய 1932இல், ஜூலைத் தேர்தலில் 37.3 விழுக்காட்டையும் 230 இடங்களையும் பெற்று, நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியானது. ஏறத்தாழ ஒரு கோடியே 37 இலட்சம் பேர் அதற்கு வாக்களித்திருந்தனர்.

இங்கே இரண்டு உண்மைகளையும் ஒருசேர மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜிக் கட்சி பெரும்பான்மை பெறவில்லை. 1932 நவம்பரில் அதன் வாக்கு 33.1 விழுக்காடாகக் குறைந்தது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லரைத் தலைமையமைச்சராக அமர்த்தியவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அவரை அதற்கு இணங்கவைத்தவர்கள், ஹிட்லரைத் தம் கைக்குள் வைத்திருக்கலாம் என்று எண்ணிய அரசியல்வாதிகள். எதிர்க்கட்சியினர் சிறையிலும் அச்சத்திலும் இருந்த 1933 மார்ச் தேர்தலிலும் அக்கட்சி பெற்றது 43.9 விழுக்காடே. எனவே, 'ஜெர்மானியர் அனைவரும் ஹிட்லரைத் தேர்ந்தெடுத்தனர்' என்பது வரலாறன்று.

இரண்டாவது, அந்த ஒரு கோடியே 37 இலட்சம் வாக்குகள் இல்லாதிருந்தால், ஹிண்டன்பர்க்கிடம் அவ்வாறு பேரம் பேசும் வலிமை எவருக்கும் இருந்திராது. 1933 மார்ச் 23இல், அரசுக்கு வரம்பற்ற சட்டமியற்றும் அதிகாரத்தை வழங்கும் சட்டம் 444 வாக்குகளால் நிறைவேறியது. சமூக ஜனநாயகக் கட்சியின் 94 உறுப்பினர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். வாக்கால் வந்தவர்கள் வாக்கின் பொருளையே அழித்தனர்.

'பிற்காலத்தில் நடக்கப்போவது எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று 1932இன் வாக்காளர் கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்படுவர் என்பதை அன்று வாக்குச்சாவடியில் நின்ற எவரும் கண்டிருக்க முடியாது. ஆனால் கட்சி 1920இலேயே வெளியிட்ட 25 அம்சத் திட்டம், ஜெர்மானிய இரத்தம் உடையோரே குடிமக்களாக முடியும், யூதர் எவரும் குடிமகனாக இருக்க முடியாது என்று வெளிப்படையாகக் கூறியிருந்தது. பலர் வேலைக்காகவும் ஒழுங்குக்காகவும் வாக்களித்திருக்கலாம். ஆயினும் அண்டை வீட்டாரின் குடியுரிமையை விலையாகக் கொடுத்தே அந்த வேலையும் ஒழுங்கும் கிடைக்கும் என்பது அச்சிட்ட தாளிலேயே இருந்தது. வாக்காளர் எதிர்காலத்தை அறியும் முனிவராக இருக்கத் தேவையில்லை. கண்முன் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும் கடமை அவருக்கு உண்டு.

குற்றமும் பொறுப்பும்

போர் முடிந்தபின், 1945–46 குளிர்காலத்தில், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் மாணவர்களுக்கு ஒரு விரிவுரைத் தொடர் நிகழ்த்தினார். அவர் நாஜி ஆட்சியால் 1937இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் மனைவி யூத இனத்தவர். தாம் பாதிக்கப்பட்டவர் என்று கூறி ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் அவ்வாறு ஒதுங்கவில்லை. 'நாம்' என்றே பேசினார்.

யாஸ்பர்ஸ் குற்றத்தை நான்காகப் பகுத்தார். சட்டத்தை மீறியோரின் குற்றம் முதலாவது. அதனை நீதிமன்றம் தீர்க்கும். ஓர் அரசின் செயலுக்கு அதன் குடிமக்கள் அனைவரும் ஏற்கவேண்டிய அரசியல் பொறுப்பு இரண்டாவது. ஒவ்வொருவரும் தாம் செய்ததற்கும் செய்யாது விட்டதற்கும் தம் மனச்சான்றின் முன் விடைகூற வேண்டிய அறக்குற்றம் மூன்றாவது. சக மனிதன் அழிக்கப்படுகையில் உயிரோடிருக்கும் மனிதனை உறுத்தும், கடவுளின் முன் மட்டுமே நிற்கும் குற்றம் நான்காவது.

இப்பகுப்பு நமக்குப் பெரிதும் உதவுகிறது. எதிர்த்து வாக்களித்தவருக்கு அறக்குற்றம் இல்லாதிருக்கலாம். ஆனால் தம் அரசு இழைத்த தீங்கை ஈடுசெய்யும் பொறுப்பிலிருந்து அவரும் விலக முடியாது. ஆதரித்து வாக்களித்தவர் கொலையாளி அல்லர். ஆனால் தாம் எதை அறிந்திருந்தோம், எதைக் காணாததுபோல் இருந்தோம் என்று தம்மையே கேட்கக் கடமைப்பட்டவர். ஒரு மக்களினம் முழுவதையும் அறக்குற்றவாளி என்று வெளியார் தீர்ப்பளிக்க இயலாது என்பதையும் யாஸ்பர்ஸ் வலியுறுத்தினார். குற்றம் தனி மனிதருடையது. பொறுப்பு பகிரக்கூடியது. பகிர்வதனால் அது தேய்வதில்லை.

பொறுப்பேற்பது என்றால் என்ன?

பாண்டியன் உயிர் துறந்து பொறுப்பேற்றான். மக்கள் கூட்டம் அவ்வாறு செய்ய இயலாது. மறுநாளும் அது வாழவேண்டும், மீண்டும் வாக்களிக்கவேண்டும். எனவே மக்களின் பொறுப்பேற்பு வேறு வடிவம் கொள்ளவேண்டும். அதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. கி.மு. 403இல் மக்களாட்சி மீட்கப்பட்டபோது, அவையின் எந்தத் தீர்மானமும் சட்டத்துக்கு மேற்பட்டதாகாது என்று ஏதென்ஸ் விதித்தது. அர்கினுசே நாளில் கூச்சலிட்ட மக்களே, தம் கூச்சலுக்குத் தாமே வேலியிட்டனர். நான்கு ஆண்டுகளில் அதே ஏதென்ஸ் சாக்ரட்டீஸுக்கு மரணதண்டனை விதித்தது என்பதையும் மறைக்கலாகாது; வேலி இருந்தால் மட்டும் போதாது. 1949இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய அடிப்படைச் சட்டம், மனித மாண்பு மீறப்படலாகாதது என்று முதல் பிரிவிலேயே கூறியது. அக்கோட்பாட்டை நாடாளுமன்றப் பெரும்பான்மை எதுவும் மாற்ற முடியாது என்றும் விதித்தது. தம் கை மீண்டும் தவறக்கூடும் என்று உணர்ந்து அதற்கு எல்லை வகுப்பது, பழியைப் பிறர்மேல் ஏற்றுவதைவிடக் கடினமானது, பயன் மிக்கது.

இவ்வட்டாரத்து மாணவர்களுக்கு இச்சிந்தனை தொலைவானதன்று. சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 'நான் வாக்களிக்கவே இல்லை' என்று ஒதுங்கிக்கொள்ளும் வாயிலை அது பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022 நவம்பரில் பதினெட்டு வயதினர் பொதுத்தேர்தல் ஒன்றில் முதன்முறையாக வாக்களித்தனர். பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டு ஆகும் முன்னரே ஒருவர் அரசனின் இருக்கையில் அமர்கிறார். ஆகவே, அந்த இருக்கைக்கு ஆயத்தம் செய்யும் பணி ஆசிரியர்களின் கைகளில் இருக்கிறது. யாருக்கு வாக்களிப்பது என்று கற்பிப்பது அப்பணியன்று. வாக்களிக்கும் முன் கேட்கவேண்டிய வினாக்களைக் கற்பிப்பதே அப்பணி.

அவ்வினாக்களை மேற்கண்ட நிகழ்ச்சிகளே தருகின்றன. நான் முடிவெடுக்கும் பொருளைப் பற்றிப் போதிய அளவு அறிந்திருக்கிறேனா என்பது சிசிலி தரும் வினா. சினத்திலும் துயரத்திலும் மூழ்கி முடிவெடுக்கிறேனா என்பது அர்கினுசே தரும் வினா. எனக்குக் கிடைக்கும் நன்மையின் விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்பது ஜெர்மனி தரும் வினா. நேற்றைய முடிவு தவறென்று இன்று தெரிந்தால், அதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மாற்றத் துணிவேனா என்பது மிட்டிலீன் தரும் வினா.

ஏதென்ஸின் குடிமகன் அண்டையில் நிற்பவரின் கண்ணுக்கு அஞ்சினான். நம் வாக்கோ மறைவானது, எவரும் காண்பதில்லை. அந்த மறைவு நம்மை அச்சத்திலிருந்து விடுவிப்பதற்காகத் தரப்பட்டதேயன்றி, பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்காகத் தரப்பட்டதன்று. வாக்குச்சாவடியின் தடுப்புக்குள்ளும் ஒரு சாட்சி உடன் வருகிறது. தமிழ் அதனை மனச்சான்று என்று பெயரிட்டு அழைக்கிறது.